எம்பாச்சோ: காலில் பூட்டிய விலங்கு வயிற்றுக்கு வந்த கதை

அர்ஜென்டினாவில் ஒரு குழந்தை சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறது, வயிறு உப்பிக் கிடக்கிறது, வாந்தியும் எடுத்தது என்றால், வீட்டுப் பெரியவர்களில் யாராவது ஒருவர் "எஸ்தா எம்பாச்சாதோ" என்பார். பிள்ளைக்கு எம்பாச்சோ பிடித்திருக்கிறது என்று பொருள். அடுத்து, பக்கத்துத் தெருவில் இதைக் குணப்படுத்தத் தெரிந்த ஒரு அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். அவரிடம் மருந்துப் பெட்டி எதுவும் இருக்காது. துணி அளக்கும் நாடா ஒன்றோ, ஒரு ரிப்பனோ இருக்கும். நாடாவின் ஒரு முனையைப் பிள்ளை தன் மேல்வயிற்றில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா எதிரே நிற்பார். முழங்கையை நாடாவில் ஊன்றி, விரல்நுனி வரை ஒரு முழம் அளப்பார். விரல் நின்ற இடத்தில் மறுபடி முழங்கையை வைத்து இன்னொரு முழம். இப்படி மூன்று. வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தபடி சிலுவைக் குறியும் போடுவார்.

மூன்றாவது முழத்தில் விரல்நுனி சரியாகப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டால் ஒன்றுமில்லை. வயிற்றைத் தாண்டி மார்புக்கோ நெற்றிக்கோ போனால் எம்பாச்சோ. எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு கடுமை. அதே நாடா, அதே கை, நடுவில் அளவு எப்படிக் குறைகிறது என்று கேட்பவர்களுக்கு அங்கே பதில் கிடைக்காது. மூன்று நாள் தொடர்ந்து அளந்தால் அளவு பழையபடி நேராகிவிடும், பிள்ளையும் சாப்பிட ஆரம்பித்துவிடும் என்பார்கள். (சாதாரண அஜீரணம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே சரியாகிவிடும் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.)

எம்பாச்சோ என்றால் என்ன? ஸ்பெயின்காரரைக் கேட்டால் "அளவுக்கு மீறித் தின்றதால் வரும் வயிற்று மந்தம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அது ஒரு சாதாரணச் சொல். ஆனால் மெக்சிகோ, குவாத்தமாலா, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, அர்ஜென்டினா, உருகுவே ஆகிய நாடுகளிலும், அமெரிக்காவில் குடியேறிய மெக்சிகோ வம்சாவளியினரிடையிலும் இது தனி நோய். அதற்கென்று காரணம் உண்டு, அறிகுறி உண்டு, வைத்தியர் உண்டு, வைத்தியமும் உண்டு. சாப்பிட்ட ஏதோ ஒன்று குடலிலோ இரைப்பையிலோ போய் ஒட்டிக்கொண்டது, நகர மாட்டேன் என்கிறது என்பதுதான் நோயின் சாரம். அஜீரணத்தில் உணவு செரிக்காமல் கிடக்கிறது. எம்பாச்சோவில் உணவு சிக்கிக் கிடக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

தமிழ்நாட்டில் குழந்தைக்குத் தொக்கம் எடுக்கப் போயிருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். தின்றது எங்கோ சிக்கிக்கொண்டது என்று சொல்லி, ஊதியும் உறிஞ்சியும் அதை வெளியே எடுத்துக் காட்டுவார்களே, அதே யோசனைதான். இரண்டுக்கும் வரலாற்றில் எந்த உறவும் கிடையாது. குழந்தையின் வயிற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க முடியாத தாய்மார்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள் போலிருக்கிறது.

எது போய் ஒட்டிக்கொள்ளும்? பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். மெக்சிகோவில் வேகாத மாவு, அரைவேக்காட்டு பீன்ஸ், விழுங்கிய சூயிங்கம், குழந்தை வாயில் போட்ட காகிதம், தலைமுடி. சூயிங்கம் பட்டியலில் இருப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. அதற்கு அங்கே சிக்லே என்று பெயர். நஹுவாட்டில் என்ற மெக்சிகோப் பூர்வகுடி மொழியின் சொல்லிலிருந்து வந்தது, பிசின் என்று பொருள். அந்தப் பிசின் வடிவது நாம் சப்போட்டா என்று தின்கிற பழத்தின் மரத்தில்தான். பிசின் ஒட்டும் என்று ஒரு தாய் பயப்படுவதில் என்ன தவறு?

உணவில் மட்டும் குற்றம் இல்லை, உண்ட விதத்திலும் இருக்கலாம். பசிக்காதபோது தின்பது, நேரம் தவறித் தின்பது, வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன பிள்ளையின் வாயில் வற்புறுத்தித் திணிப்பது எல்லாமே எம்பாச்சோவில் கொண்டுபோய் விடும். தெற்கு டெக்சாஸின் மெக்சிகோ வம்சாவளியினரிடையே தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் ஆர்தர் ரூபெல் 1960-இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கடைசிக் காரணத்தையும் குறிக்கிறார். விருந்துக்குப் போன இடத்தில் மரியாதைக்காக, பிடிக்காததை விழுங்கினாலும் எம்பாச்சோ வரலாம். எனக்கு இந்த நோயில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மனம் ஒப்பாமல் உள்ளே போனது உடம்போடு சேராமல் நிற்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். எம்பாச்சோ என்ற பெயர்ச்சொல் எம்பாச்சார் என்ற வினையிலிருந்து பிறந்தது. ஸ்பானியத்துக்கு அது பிரெஞ்சுப் பக்கமிருந்து வந்தது. பிரெஞ்சில் இன்றும் அம்பெஷே என்றால் தடுப்பது. அதற்கும் பின்னால் போனால் பிற்கால லத்தீனில் இம்பெடிகாரே என்ற வினை இருக்கிறது. அதற்குள் ஒளிந்திருப்பது பெடிகா, அதாவது கால்விலங்கு, காலை மாட்டும் கண்ணி. பெடிகாவின் வேர் பெஸ், பெடிஸ் என்ற லத்தீன் சொல். பொருள், பாதம்.

நாம் பாதம் என்கிறோமே, அந்தச் சொல் நமக்கு வடமொழியிலிருந்து வந்தது. வடமொழி பாதமும் லத்தீன் பெடிஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் முளைத்தவை. சைக்கிளில் மிதிக்கும் பெடலும் அந்த வேர்தான். ஆக அர்ஜென்டினாப் பாட்டி நாடாவை எடுத்துக்கொண்டு தேடும் நோயின் பெயருக்குள் நம் பாதமும் சைக்கிள் பெடலும் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் ஒரு விலங்கும் இருக்கிறது.

விலங்கு மாட்டிய மனிதன் நடக்க முடியாது. முதலில் சொல்லின் பொருள் அதுதான்: கட்டிப்போடு, தடு, இடைஞ்சல் செய். பிறகு அது இரண்டு வழியாகப் போனது. ஒரு வழி மனதுக்குள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாமல், கால் நகராமல் நிற்கும் கூச்சத்துக்கும் ஸ்பானியத்தில் எம்பாச்சோ என்றுதான் பெயர். இன்றும் ஸ்பானியச் செய்தித்தாளில் ஓர் அரசியல்வாதி "சின் எம்பாச்சோ" ஒன்றைச் சொன்னார் என்று படித்தால், அவர் வயிறு நன்றாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கூச்சநாச்சம் இல்லாமல் சொன்னார் என்று பொருள். மற்றொரு வழி வயிற்றுக்குள். அங்கே நகராமல் நிற்பது உணவு. ஸ்பானிய அகராதியில் இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லின் கீழ் இருக்கும். நாம் ஒரு பேச்சு தொண்டையிலேயே நின்றுவிட்டது என்று சொல்வதில்லையா, அந்த நிலைக்கும் சோறு நெஞ்சிலேயே நிற்கிறது என்பதற்கும் அவர்கள் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதே வேர் ஆங்கிலத்துக்கும் போனது. அமெரிக்க அதிபர்மேல் கொண்டுவரும் இம்பீச்மென்ட் என்ற குற்றச்சாட்டுத் தீர்மானம் இதன் ஒன்றுவிட்ட தங்கை. ஆங்கிலத்திலும் இம்பீச் முதலில் தடுப்பதைத்தான் குறித்தது. குற்றம் சாட்டுவது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. குடும்பத்தில் எதிர்க்கட்சியும் உண்டு. முன்னொட்டை மாற்றி விலங்கை அவிழ்த்தால் பிரெஞ்சில் தெபெஷே, விரைவுபடுத்து. ஸ்பானியத்தில் தெஸ்பாச்சார், வேலையை முடித்து அனுப்பு. ஸ்பானிய ஊர்களில் அலுவலகக் கதவில் தெஸ்பாச்சோ என்று பெயர்ப்பலகை தொங்கும். கோப்பு நகரும் இடம் தெஸ்பாச்சோ, சோறு நகராத இடம் எம்பாச்சோ. (அரசு அலுவலகங்களுக்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் சொல்லட்டும்.) மூட்டை கட்டுவதைக் குறிக்கும் எம்பாக்கார் என்ற ஸ்பானியச் சொல் காதுக்கு இதைப்போலவே ஒலிக்கும். வயிற்றில் மூட்டை கட்டிக்கொண்டது என்று விளக்கம் சொல்லவும் தோன்றும். ஆனால் அது வேறு குடும்பம்.

சொல்லைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனவர்கள் ஸ்பானியர்கள். அவர்களோடு பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவமும் அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது. இரைப்பை ஓர் அடுப்பு, உணவு அதில் வெந்து உருமாற வேண்டும், வேகாதது உடம்பைக் கெடுக்கும் என்று நம்பிய மருத்துவம் அது. போன இடத்தில் ஏற்கெனவே மூலிகை அறிவும் வைத்திய மரபும் தழைத்திருந்தன. இரண்டும் கலந்ததன் அடையாளத்தை இன்றும் கஷாயத்தில் பார்க்கலாம். எம்பாச்சோவுக்குக் கொடுக்கும் மன்சனீயா, அதாவது சீமைச்சாமந்தி, ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதோடு கொடுக்கும் எஸ்தாஃபியாதே என்ற கசப்பு மூலிகை மெக்சிகோ மண்ணில் முளைப்பது, அதன் பெயரும் நஹுவாட்டில் மொழியின் பெயர்தான். சொல் கிழக்கேயும் போனது. ஸ்பெயின் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட பிலிப்பைன்ஸில், தகாலோக் மொழியில், வயிறு செரிக்காமல் போனால் இம்பாட்சோ என்கிறார்கள்.

பெயரே "விலங்கு" என்று சொல்லிவிட்டதால் வைத்தியம் என்னவாக இருக்கும் என்பதில் குழப்பமே இல்லை. அவிழ்க்க வேண்டும். மெக்சிகோவில் சோபாதோரா என்ற பெண் வைத்தியர் உண்டு. நீவிவிடுபவர் என்று பொருள். எண்ணெயைச் சூடாக்கி வயிற்றில் தடவி, மேலிருந்து கீழாக நீவுவார். ஒட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க முட்டை ஒன்றை வயிற்றில் உருட்டிப் பார்ப்பவர்களும் உண்டு, முட்டை தயங்கும் இடமே அந்த இடம். பிறகு பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகின் கீழ்ப்பகுதியில் முதுகெலும்பை ஒட்டித் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து வெடுக்கென்று தூக்குவார். "டக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்தால் உள்ளே ஒட்டியது விட்டுவிட்டது. மெக்சிகோவில் இதை எம்பாச்சோவை வெடிக்கவைப்பது என்பார்கள். அர்ஜென்டினாவில் இதற்கு "தீரார் எல் குவெரீத்தோ" என்று பெயர், குட்டித் தோலை இழுப்பது. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலோ பவுடரோ தடவிக்கொள்வார்கள். சத்தம் வந்ததும் பிள்ளை அழும், பெரியவர்கள் சிரிப்பார்கள்.

இதுவரை சொன்னவற்றில் பெரிய ஆபத்து இல்லை. நீவுவது இதமாகவே இருக்கும், சாமந்தித் தேநீரால் கெடுதல் வராது. ஒரே ஒரு நிபந்தனை: வயிறு கல்லாக இறுகியிருந்தாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, மலத்தில் இரத்தம் போனாலோ, வலி வலது அடிவயிற்றில் குத்தினாலோ நீவக்கூடாது. குடல்வால் அழற்சியாக இருக்கலாம், கைக்குழந்தையானால் ஒரு குடல் இன்னொன்றுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். இரண்டும் மருத்துவமனையில் முடிய வேண்டிய விஷயங்கள்.

ஆபத்து இருப்பது பொடியில். பழைய வைத்தியத்தில் எம்பாச்சோவுக்குப் பாதரசம் கொடுத்திருக்கிறார்கள். அதன் கனம் சிக்கியதை உருட்டிக் கீழே தள்ளிவிடும் என்று கணக்கு. அதைத் தவிர வேறு இரண்டு பொடிகளும் இருபதாம் நூற்றாண்டின் கடைசியிலும் வீட்டு அலமாரிகளில் இருந்தன. ஒன்று அசர்கோன், பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். மற்றொன்று கிரேத்தா, மஞ்சள். சர்க்கரையிலோ எண்ணெயிலோ பாலிலோ ஒரு சிட்டிகை கலந்து குழந்தைக்குப் புகட்டுவார்கள்.

1981-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குழந்தை ஈயநஞ்சோடு மருத்துவமனைக்கு வந்தது. அங்கே ஈயநஞ்சு என்றாலே பழைய வீட்டுச் சுவர்ப் பெயின்ட்டைச் சுரண்டித் தின்றிருக்கும் என்றுதான் மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் குழந்தையின் வயிற்றிலிருந்து வெளியே வந்ததோ ஆரஞ்சுப் பொடி. பரிசோதனையில் அது ஈயத்தின் ஓர் ஆக்ஸைடு என்று தெரிந்தது, முன்பெல்லாம் இரும்புப் பாலங்கள் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய செந்நிறப் பூச்சில் இருக்கும் அதே பொருள். எம்பாச்சோவுக்கு மருந்தாகக் கொடுத்தது. அந்த ஆண்டே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட பொடிகளில் ஈயம் 90 சதவீதம் வரை இருக்கலாம் என்று அந்த மையம் சொல்கிறது.

சிக்கல் பெயரில் இருந்தது. கலிபோர்னியாவில் அசர்கோன் என்றால் தெரியும். அதற்கே ருவேதா, கோரால், லீகா, மரியா லூயிசா என்று இன்னும் பல பெயர்கள். டெக்சாஸ் பக்கம் போனால் பொடியே வேறு, பெயர் கிரேத்தா. டெக்சாஸின் தென்கோடியில் பணிபுரிந்த மானுடவியலாளர் ராபர்ட் ட்ராட்டர் இதைத் தேடி மூலிகைக் கடைகளுக்குப் போனார். மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட நோயின் பெயரைச் சொல்லி "எம்பாச்சோவுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும் என்பது இப்படிப்பட்ட தேடலில் கிடைக்கும் முதல் பாடம். கிரேத்தாவுக்கு மெக்சிகோவில் இன்னொரு வேலையும் உண்டு. மண்பாண்டத்துக்குப் பளபளப்பு ஏற்றும் குயவர்கள் பூசுவதும் அதுதான். சித்த மருத்துவச் சரக்குகளில் மிருதார்சிங்கி என்று ஒன்று இருப்பதைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். வேதியியல்படி கிரேத்தாவும் அதுவும் ஒன்றே, ஈய மோனாக்ஸைடு. அதனால் இது எங்கோ மெக்சிகோக்காரர்களின் அறியாமை என்று நாம் எழுந்து போய்விட முடியாது.

இதில் கொடுமை என்னவென்றால், ஈயம் உடம்பில் ஏறினால் வரும் அறிகுறிகள்: வயிற்றுவலி, வாந்தி, மலச்சிக்கல், பசியின்மை. அப்படியே எம்பாச்சோவின் பட்டியல். ஒரு சிட்டிகை கொடுத்தும் பிள்ளைக்கு வயிறு சரியாகவில்லை என்றால் தாய் என்ன செய்வாள்? இன்னொரு சிட்டிகை கொடுப்பாள். மருந்தே நோயைச் செய்துகொண்டு, மேலும் மருந்து கேட்டுக்கொண்டிருக்கும். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவும் கிடையாது. மூளை வளர்ச்சியைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

"எம்பாச்சோ என்று ஒன்றே கிடையாது, மூடநம்பிக்கை" என்று சுவரொட்டி அடிப்பது சுலபம். ட்ராட்டரும் உடனிருந்த சுகாதாரத் துறையினரும் அந்த வழியில் போகவில்லை. நம்பிக்கையை விட்டுவிட்டார்கள், பொடியை மட்டும் பிடித்தார்கள். எம்பாச்சோவுக்கு வேறு நூறு வைத்தியம் இருக்கிறது, இந்த இரண்டு பொடியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார்கள். நான் படித்தவரையில் இதைவிட மரியாதையான மருத்துவ அறிவுரை குறைவு. கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் "எம்பாச்சோவா, அப்படி ஒன்றும் இல்லை" என்று சிரித்துவிட்டால் அடுத்த தடவை அந்தத் தாய் எதையும் சொல்ல மாட்டாள். "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் சொல்வாள். பொடியின் பெயர் அந்தப் பதிலில்தான் வரும்.

நம்பிக்கை எவ்வளவு பரவலாக இருக்கிறது, எவ்வளவு ஒரே மாதிரி இருக்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1993-இல் வெளியான ஓர் ஆய்வு, ட்ராட்டரும் அதில் பங்கேற்றவர், நான்கு இடங்களை எடுத்துக்கொண்டது: கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், தெற்கு டெக்சாஸில் மெக்சிகோ வம்சாவளியினர், மெக்சிகோவில் குவாடலஹாரா நகரத்தார், குவாத்தமாலாவில் கிராமத்தார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில், வேறு வேறு நாட்டில் இருந்தும் எம்பாச்சோ எதனால் வருகிறது, எப்படித் தெரியும், எப்படிப் போக்குவது என்பதில் நான்கு கூட்டத்தாரும் பெரிதும் ஒத்துப்போனார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தராத பாடம் இது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று அடுக்களை வழியாகவே வந்திருக்கிறது.

நாடா பிடிக்கும் அந்த அர்ஜென்டினா அம்மா முணுமுணுக்கும் வார்த்தைகள் என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார். கண்ட நாளில் சொன்னால் அவருடைய கைக்குப் பலன் போய்விடுமாம். சொல்லிக்கொடுக்க ஆண்டுக்கு ஓர் இரவு இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நள்ளிரவு. சில குடும்பங்களில் புனித வெள்ளி. அந்த இரவில் மகளையோ பேத்தியையோ தனியாகக் கூப்பிட்டு வைத்துச் சொல்லுவார். கற்றுக்கொண்டவர்களில் சிலர் பிள்ளையை நேரில் கூட்டிவரக்கூடச் சொல்வதில்லை. முழுப்பெயரைக் கேட்டுக்கொண்டு, நாடாவை எடுத்துத் தன் வீட்டிலேயே மூன்று முழம் அளந்துவிடுகிறார்கள்.